வலக்காதி கடிக்கவில்லை

சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். குரங்கு எண்ணுகிற வேலை என்றால் அதுதான்.

இந்தக் கதையில் அநியாயத்துக்கு ஆளானவள் பெயர் வலக்காதி. வலது காதின் ஓரத்தில் கொஞ்சம் சதை பிய்ந்துபோய், மூன்று வாரக் குட்டியை வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு எங்கள் மலைப்படிகளில் திரிகிற தாய்க்குரங்கு. புத்தூரிலிருந்து வந்த பக்தர் ஒருவருடைய கையைக் கடித்துவிட்டாள் என்று அவள் மேல் பழி. தண்டனை என்ன தெரியுமா? கூண்டு வைத்துப் பிடித்து, எங்கோ ஒரு காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. தெரியாத காடு, கூட்டம் இல்லாத தாய், உள்ளங்கை அளவுக் குட்டி. மிச்சத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். பழியைச் சுமத்தியது யார் என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள். வரும்போது சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்க முடியாது.

நான் முதுகலை விலங்கியல் மாணவி. தினமும் திருத்தணியில் ரயிலேறி அரக்கோணம் தாண்டிப் போய்ப் படித்துவிட்டு வருகிறவள். ஒருநாள் எங்கள் பேராசிரியை வகுப்பில் ஒரு வீடியோ காட்டினார். ஏதோ குளிர்தேசத்துக் கடற்கரை. பாறைமேல் சீல் என்கிற கடல்நாய்கள் அரிசி மூட்டை மாதிரி படுத்திருக்கின்றன. தூரத்தில் தன்னார்வலர்கள் நாலு பேர், ஃபிளாஸ்கில் டீ, கையில் நோட்டு. தோலில் இருக்கும் புள்ளியைப் பார்த்து இது இன்ன சீல், இது அதன் குட்டி என்று எழுதுகிறார்கள். யாராவது கிட்டே போனால் "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்கிறார்கள். அந்த ஆட்களும் தள்ளி நிற்கிறார்கள்! வகுப்பே வாயைப் பிளந்தது, சீலைப் பார்த்து இல்லை, சொன்னதைக் கேட்கிற ஜனங்களைப் பார்த்து. "நம்ம பக்கமும் இதுபோல யாராவது செய்யலாமே" என்றார் பேராசிரியை. திருத்தணியில் கடல் இல்லை. மலை இருக்கிறது. மலை நிறையக் குரங்கு இருக்கிறது. கையைத் தூக்கினேன்.

என்னோடு சேர்ந்தது இரண்டு பேர். ஒருத்தி சுகந்தி, என் வகுப்புத் தோழி. அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். இன்னொருவர் டில்லிபாபு அண்ணன், அடிவாரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், சவாரி இல்லாத நேரத்தில் தன்னார்வலர். சனி, ஞாயிறு காலையில் படியேறி எண்ணவேண்டும். ஒவ்வொரு குரங்கையும் காதை வைத்து அடையாளம் காணவேண்டும். தீனி போடுகிறவர்களைத் தடுக்கவேண்டும். மாதாமாதம் நோட்டின் நகலை வனத்துறைக்கு அனுப்பவேண்டும். சீல் எண்ணுகிற சகோதர சகோதரிகளே, உங்கள் சீல் படுத்தே கிடக்கிறது. எங்கள் ஆட்கள் உங்கள் ஃபிளாஸ்கைத் திறந்து டீயைக் குடித்துவிட்டு மூடியையும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இரண்டு கணக்கு

முதல் சனிக்கிழமை எனக்கு முன்னால் ஓர் அம்மா படி ஏறிக்கொண்டிருந்தார். வேண்டுதல். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், ஒரு கட்டி கற்பூரம். வாயில் சத்தமாக எண்ணிக்கை. அவருக்குப் பின்னால் நான், என் வாயிலும் எண்ணிக்கை. அவர் "நூத்திப் பன்னண்டு" என்பார், நான் "பத்தொம்போது" என்பேன். அவர் "நூத்திப் பதிமூணு", நான் "இருவது". ஐந்தே நிமிஷம். நான் நூற்றி இருபத்திரண்டு குரங்குகளைப் பார்த்து முடித்திருந்தேன், அவர் இருபத்தி மூன்றாவது படிக்கு வந்து சேர்ந்திருந்தார்.

நான் சண்டை போடவில்லை, விளக்கினேன். இது அறிவியல், தப்பான எண் ஒன்று உள்ளே போனால் மொத்தமும் கெட்டுவிடும், நீங்கள் மனசுக்குள் எண்ணினால் நன்றாக இருக்கும் என்றேன். அவர் கற்பூரத்தைக் கொளுத்தி, கும்பிட்டு, நிதானமாக நிமிர்ந்தார். "நான் முருகனுக்குக் கணக்கு சொல்லணும். நீ யாருக்குச் சொல்லணும்? வாத்தியாரம்மாவுக்கா? ஆங், அப்ப நீ வாய மூடிகினு எண்ணு."

செந்நெற்றி

இரண்டாவது மாதம் எங்களுக்கு ஒரு பொக்கிஷம் கிடைத்தது. நெற்றி நடுவில் வட்டமாகச் சிவப்புக் குறி உள்ள பெண் குரங்கு. எங்கள் நோட்டில் இல்லாதது. சுகந்தியும் நானும் படியில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினோம். பிறவிக் குறியா, தோல் நோயா, வேறு மலையிலிருந்து வந்த கூட்டமா? நான் பிறவிக் குறி, அவள் தோல் நோய். இதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். 'செந்நெற்றி' என்று பெயர் வைத்துப் பேராசிரியைக்குப் படம் அனுப்பினேன். அவர் பதிலுக்கு மூன்று ஆச்சரியக்குறி அனுப்பினார்.

அடுத்த வாரம் மழை. மழை விட்டதும் செந்நெற்றி பளிச்சென்று வெறும் நெற்றியோடு வந்து உட்கார்ந்தாள். பார்த்தால் நாங்கள் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த பழைய குரங்கு. படி நடுவில் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருக்கும் நாகம்மா அக்கா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுக் கடைக்குள் குனிந்து சிரித்தார், எழுந்து சிரித்தார், தேங்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது நான் வெச்ச பொட்டும்மா! வெள்ளிக்கெழம ஆனா வந்து குந்திகினு நெத்திய நீட்டும். இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா உங்க நோட்டுல எல்லாக் குரங்கும் சுமங்கலி ஆயிருக்கும்."

தொலைநோக்கி

மொட்டை அடிக்கிற கொட்டகைக் கூரைமேல் குட்டிகளோடு நாலு தாய்கள். நான் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு காதுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கூரைக்கு நேர்கீழே, புதிதாக மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஓர் ஆள் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கீழே இறங்கிய ஒரு குட்டியைத் தொடர்ந்து கண்ணாடியை இறக்கினால், முழுக்க மஞ்சளாக ஒரு கோளம். என்ன இது என்று தெரியாமல் திருகித் திருகித் தெளிவாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷமாவது இருக்கும்.

தோளில் ஒரு தட்டு. என் வயதுப் பெண், கழுத்தில் புதுத் தாலி. நகரிப் பக்கம், தமிழும் தெலுங்கும் சேர்ந்த பேச்சு. நான் அவசரமாக நோட்டைக் காட்டி, காது, குட்டி, ஆராய்ச்சி என்று வரிசையாக ஒப்பித்தேன். அவள் எதையும் நம்பவில்லை. தொலைநோக்கியை என் கையிலிருந்து வாங்கி, தானே ஒருமுறை அந்த மொட்டையைப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள். "எங்க பாவாவ இதுல வெச்சுலாம் பாக்காத. நேரா பாத்தாலே அவரு சுமாருதான்."

நீட்டிய கை

தீனி போடாதீர்கள் என்று சொல்வதற்கு எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். புன்னகை, வணக்கம், ஒரு காரணம், இன்னொரு வணக்கம். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றார். நான் புன்னகை, வணக்கம். பழம் பழகினால் குரங்கு மனிதரிடம் பிடுங்கும், பிடுங்கினால் கடிக்கும், கடித்தால் ஊர் அதைத்தான் தண்டிக்கும் என்று காரணம் ஒன்றுக்கு மூன்றாகச் சொன்னேன். அவர் அத்தனைக்கும் தலையாட்டினார். "நல்லா சொன்ன கண்ணு, நல்லா சொன்ன" என்றார். சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த சீப்பு குறைந்துகொண்டே வந்தது. பின்பக்கமாக ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது!

"என்னங்க இது?" என்று கத்தினேன். வணக்கத்தை மறந்துவிட்டேன். அவர் காலியான காம்பைக் காட்டி, கொஞ்சமும் பதறாமல் சொன்னார்: "நான் எங்க குடுத்தேன்? நான் கைய மட்டும்தான் பின்னால நீட்டிகினு நிக்கறேன். எடுத்துக்கறதும் வேணாங்கறதும் அதோட இஷ்டம்."

கடி

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கீழ் மண்டபத்தில் இருந்தேன். மேலிருந்து ஓர் அலறல். ஓடிப் பார்த்தால், மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆந்திரப் பக்கத்துப் புத்தூரிலிருந்து வேன் பிடித்துக் காவடி எடுத்து வந்த கூட்டம். குரங்கோடு செல்ஃபி எடுக்க ஆசைப்பட்டு, ஒரு பழத்தைத் தோளுக்குமேல் தூக்கிக் காட்டியிருக்கிறார். குரங்கு மதில்மேல் வந்து நின்றதும் படத்தை எடுத்துவிட்டு, பழத்தைக் கொடுக்காமல் இடுப்பில் செருகப் போயிருக்கிறார். அவ்வளவுதான். உள்ளங்கைப் பக்கம் இரண்டு பல்.

டில்லிபாபு அண்ணன் சோப்புத் தண்ணீரில் கையைக் கழுவோ கழுவென்று கழுவினார். ஊசி போட ஆட்டோவில் அழைத்துப் போகத் தயாரானார். நான் அந்தப் படத்தைக் கேட்டேன், பதிவுக்கு வேண்டுமே. மனுஷன் வலியோடு வலியாக, ஒற்றைக் கையால் எனக்கு அனுப்பினார். தோளுக்குப் பின்னால் குரங்கின் தலை மட்டும், ஒரு காது பிய்ந்து, தெளிவாகத் தெரிந்தது. நான் பார்த்தேன், நோட்டில் எழுத வேண்டியதை எழுதினேன். ஆட்டோ கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி அவர் கேட்டது இதுதான்: "கைய வுடு பாப்பா. ஃபோட்டோ நல்லா வந்துகீதா, அத சொல்லு."

கூண்டு

அடுத்த சனிக்கிழமை போனால் நடுமண்டபத்துக்குப் பக்கத்தில் கூண்டு. உள்ளே பழம். கதவுக்குக் கட்டிய கயிறு தூரத்தில் ஓர் ஊழியர் கையில். பக்கத்தில் படியில் உட்கார்ந்து வனவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் மனு கொடுத்திருக்கிறார்களாம். எல்லாக் குரங்கையும் இல்லை, பக்தரைக் கடித்த குரங்கை மட்டும் அப்புறப்படுத்தக் கோரி. "வலது காது கிழிஞ்சது, குட்டியோட சுத்துதாமே, அது எங்கம்மா?" என்று என்னிடமே கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குட்டி பால்குடி மாறவில்லை என்றேன். கூட்டத்தை விட்டுப் பிரித்தால் இரண்டும் செத்துப்போகும் என்றேன். பழத்தைக் காட்டி ஏமாற்றியது மனிதன், கூண்டு குரங்குக்கா என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு, முதலில் வலக்காதிதான் கடித்தாள் என்பதற்கு என்ன ஆதாரம், எந்த மடையன் பார்த்தான், எந்த முட்டாள் சொன்னான், அந்த ஆளை என் முன்னால் நிறுத்துங்கள் என்றேன். படியேறிக்கொண்டிருந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வனவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஃபைலைத் திறந்தார். திங்கட்கிழமை மாதக் கணக்கோடு போன எங்கள் நோட்டின் நகலை எடுத்து, விரலை வைத்துக் காட்டினார். 'கடித்தது: வலக்காதி. ஐயமில்லை.' ஐயமில்லை என்பதன் கீழே இரண்டு கோடு வேறு. "மடையன்லாம் சொல்லாதம்மா. கீழ கையெழுத்து போட்டுகீது. நீதான்."

பாக்கெட்

ஆமாம், நான்தான். படியோரம் போய் உட்கார்ந்தேன். யோசித்துத்தானே எழுதினேன்? எதிரில் நிற்பவருடைய வலது நமக்கு இடது. படத்தில் பிய்ந்த காது இடப்பக்கம் தெரிந்தது, ஆகவே குரங்குக்கு அது வலது காது. சாதாரண ஆள் இதில் சறுக்குவான், நான் சறுக்கவில்லை என்று பெருமையாகத்தான் அந்த இரண்டு கோட்டையும் போட்டேன். அப்படியானால் வலக்காதி கடித்துத்தான் இருக்கிறாள். ஆனால் நான் பார்த்தவரையில் மனிதர் பக்கமே வராதவள், குட்டி பிறந்த பிறகு ஆள் கிட்டே வந்தாலே விலகிப் போகிறவள். எனக்குள் நானே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டேன். இரண்டு பேரும் தோற்றோம்.

சுகந்தி என் ஃபோனைப் பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். "ஆம்பளைங்க சட்டைல பாக்கெட் எந்தப் பக்கம்டி இருக்கும்?" என்றாள். இந்த நேரத்தில் இது ஒரு கேள்வியா என்று எரிச்சல். "இடது பக்கம்" என்றேன். "இந்த ஆளுக்கு?" பார்த்தேன். வலது பக்கம். அந்த ஃபோன் செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறது! அப்படியானால் பாக்கெட் மட்டுமா திரும்பியிருக்கும்? காதும்தான். பிய்ந்திருந்தது இடது காது. இடது காது பிய்ந்தவன் எங்கள் நோட்டில் ஒரே ஒருவன்: இடக்காதன், வாலிபப் பிள்ளை, பழம் பிடுங்குவதில் மன்னன். நான் துள்ளி எழுந்தேன். சுகந்தி உட்கார்ந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு வாரமா கொரங்கோட காதையே பாத்துகினு இருந்தியே, மனுஷனோட சட்டைய ஒரு வாட்டியாவது பாத்தியா?"

பதில்

நாங்கள் ஓடிப் போனபோது வலக்காதி கூண்டுக்குள் பாதி போயிருந்தாள். வயிற்றில் குட்டி, ஒரு கை பழத்தின்மேல். ஊழியர் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். "சார், தப்பு! என் தப்பு! நான் தப்பா எழுதிட்டேன்!" என்று கத்தினேன். இந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்ததாகச் சொன்னால் என் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். வனவர் கையைக் காட்ட, ஊழியர் நிறுத்தினார். படத்தைக் காட்டினேன், பாக்கெட்டைக் காட்டினேன். அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார், ஊழியர் சட்டையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அந்த ஆள் தைச்ச சட்டையே அப்படி இருந்தா?" என்றார். நியாயமான கேள்வி. எதிர்த்துப் பேச எதுவும் இல்லாத கேள்வியை நான் மிகவும் வெறுக்கிறேன்.

புத்தூர்க்காரருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "பாக்கெட்டா? எடம பக்கம்தான்மா, எல்லாருக்கும் எடம பக்கம்தான இருக்கும்? இன்னாத்துக்குக் கேக்கற?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் பதறிவிட்டார். "ஐயோ, புடிக்காதீங்க சார்! பழத்த காட்டி ஏமாத்தனது நானு. நான் எங்க அது மேல கம்ப்ளெய்ன்ட் குடுத்தேன்?" இதற்குள் வலக்காதி இரண்டு பழத்தை எடுத்து, ஒன்றைக் கன்னத்தில் அடக்கி, இன்னொன்றைக் கையில் பிடித்து, எங்கள் ஒருவரையும் மதிக்காமல் மதிலேறிப் போய்விட்டாள். வனவர் அவள் பெயரை அடித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது வழியும் முன்பே அவர் அடுத்ததைக் கேட்டார். "சரி, அந்த இடக்காதன் எங்க? அத காட்டு, அத புடிச்சிகினு போறேன்."

இடக்காதனுக்காக வாதாட வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது: அன்றைக்குப் பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை. காலையில் படியேறும்போது எண்ணிய கணக்கிலும் அவன் இல்லை. "அத நான் சொல்லலாமா?" என்றார் பின்னால் நின்ற டில்லிபாபு அண்ணன். "ஊசி போட்டுகினு வந்து அவர அவங்க வேன்ல ஏத்தி வுட்டேன் சார். வேன் மேல வாழைத்தாரு கட்டி இருந்தாங்க. அது மேல குந்திகினு இருந்திச்சி. எனக்குப் பொன்பாடி சவாரி, பின்னாலயே போனேன். பார்டர் தாண்டற வரைக்கும் எறங்கவே இல்ல. தின்னுகினே போச்சு." ஏன் அண்ணா என்னிடம் சொல்லவில்லை என்று பாய்ந்தேன். "படிக்கட்டுல பாத்தத மட்டும்தான் சொல்லணும், ரோட்டுல பாத்ததுலாம் கணக்குல வராதுன்னு நீதானம்மா சண்ட போட்ட?" என்றார். ஸ்பீக்கரில் புத்தூர்க்காரர் குரல் வந்தது: "ஓஹோ, எங்க தோப்புல ஒண்ணு புதுசா சுத்திகினு கீது, காது கிழிஞ்சது. அதுவா இது?"

ஆக, கடித்தவனும் கடிபட்டவரும் ஒரே வேனில் ஒற்றுமையாக ஊர்போய்ச் சேர்ந்துவிட, கடிக்காதவளுக்குக் கூண்டு வைத்துக் கொடுத்தது என் முதுகலைப் படிப்பு. "மனு குடுத்தவங்களுக்கு என்ன சார் பதில் எழுதுவீங்க?" என்று கேட்டேன். வனவர் ஏற்கெனவே ஃபைலை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கியிருந்தார். எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்துக் காட்டினார்: "மனுவில் கண்ட குரங்கு தற்போது ஆந்திர மாநிலத்தில் வசித்து வருவதால், இவ்வலுவலகத்தில் மேல்நடவடிக்கை ஏதும் தேவையில்லை."